ராஜரத்தினம் போட்ட தண்டவாளம்

ராஜரத்தினத்துக்கு ஓரிடத்தில் இருக்க வராது. கதிரை கொடுத்தால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தேத்தண்ணி கொடுத்தால் கோப்பையோடு முற்றத்தில் நடந்து திரிவான். பளையில் ஒரு அரிசி ஆலைக்கு இயந்திரம் பூட்டிக் கொடுத்தான், பரந்தனில் செக்கு ஒன்றைத் திருத்தினான், உருத்திரபுரத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களோடு கொஞ்சக் காலம் மல்லுக்கட்டினான். வேலை ஒருவழியாக ஓடத் தொடங்கியதும் அவனுக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். சைக்கிளை எடுத்துவிடுவான். சனம் அவனுக்குச் சில்லு ராசன் என்று பட்டம் வைத்திருந்தது. இடம்பெயர்வு வந்து அவனை அலைய வைத்ததா, அலைகிறவனுக்கு இடம்பெயர்வு ஒரு சாட்டாகக் கிடைத்ததா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. முப்பத்துநாலு வயதாகியும் கலியாணம் கட்டவில்லை. கேட்டவர்களுக்கு, கட்டினால் எந்த வீட்டில் இருத்துவது என்று திருப்பிக் கேட்டு வாயை அடைப்பான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, மாரிக்கு முன்னால், அவன் விசுவமடுவில், மரம் அரிந்து பலகையாக்குகிற விமலேஸ்வரியின் மரக்காலையில் நின்றான். கிளிநொச்சியில் இருந்த மரக்காலை அது. அதற்கு முந்தின வருசம் ஊரோடு சேர்ந்து அதுவும் இடம்பெயர்ந்தது. விமலேஸ்வரியின் கணவர் வைத்தியத்துக்குக் கொழும்புக்குப் போனவர், பாதை பூட்டுப்பட அங்கேயே நின்றுவிட்டார். அவள்தான் இரண்டு ட்ராக்டர் பிடித்து இயந்திரத்தையும், மரம் ஏற்றுகிற றொலியின் சில்லுகளையும், சாக்கில் சுற்றிய வட்ட வாளையும் ஏற்றிக்கொண்டு வந்தவள். நிலத்தில் அறைந்திருந்த தண்டவாளங்களைப் பிடுங்க நேரம் கிடைக்கவில்லை.

மரம் அரிகிற முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு தண்டவாளங்களின் மேல் றொலி ஓடும். மரக்குற்றியை அதில் ஏற்றி இறுக்கிவிட்டு இரண்டு பேர் தள்ளுவார்கள். பக்கத்தில், ஒரு ஆள் இடுப்பளவு உயரத்தில், வட்ட வாள் சுழலும். குற்றி வாளைக் கடந்து போகும்போது ஒரு பலகை பிரிந்து விழும். வாள் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. அசைவதெல்லாம் றொலிதான். ஆகவே பலகை நேராக வருவதும் கோணலாக வருவதும் தண்டவாளத்தின் கையில் இருக்கிறது.

புதுத் தண்டவாளத்துக்கு எங்கே போவது? றெயில் ஓடாத பாதை எப்போதோ பெயர்க்கப்பட்டு, இரும்பெல்லாம் பங்கர் குழிகளுக்கு மேலே கூரையாக ஏறிவிட்டது. விமலேஸ்வரி கேட்காத ஆட்களைக் கேட்டு, ஏறாத படி ஏறி, இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தாள். கிளிநொச்சி ஸ்ரேஷனுக்குப் பின்னால், சரக்குப் பெட்டிகளை ஒதுக்கிவிடும் கிளைப்பாதையிலிருந்து முன்பே பெயர்த்தெடுத்த துண்டுகள் என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரும்பு கிடைத்ததே போதும் என்றிருந்தது.

ராஜரத்தினத்தின் தகப்பன் றெயில்வேயில் பாதை பார்த்தவர். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம் எங்கும் ஒன்றாக இருந்தால் பாதை சரி என்பது அந்த வீட்டில் சோற்றோடு ஊட்டிய பாடம். ராஜரத்தினம் முதிரைக் கம்பு ஒன்றில் இரண்டு பக்கமும் ஆணி அடித்து அளவுகோல் செய்தான். சீமெந்து கொண்டுவரத் தடை. அதனால் கிறவல் மண் கொட்டி இறுக்கி, அதன்மேல் பாலைக் கட்டைகளைப் படுக்கவைத்து, தண்டவாளத்தை அறைந்தான். ஒவ்வொரு கட்டையிலும் அளவுகோலை வைத்துப் பார்த்தான். எங்கும் பிசகில்லை. கையால் தள்ளிய றொலி வழுக்கிக்கொண்டு போனது. அன்று பின்னேரமே அவன் விமலேஸ்வரியிடம் போய், தன் வேலை முடிந்தது, பூவரசங்குளத்தில் இருக்கிற அக்காவிடம் போகப்போகிறேன் என்றான். புளியங்குளத்துப் பக்கம் சண்டை. மடுப் பக்கத்தால் சுற்றித்தான் போகவேண்டும். மாரி தொடங்கினால் அந்தப் பாதையும் சேறாகிவிடும்.

நாலு மரம் அரிந்து பார்த்துவிட்டுப் போ என்றாள் விமலேஸ்வரி. மறுநாள் அந்த நாலு மரத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

வாள் பிடிக்கிறவர் தவராசா. பல் தீட்டுவது, பல்லை இடமும் வலமுமாகச் சாய்த்துவிடுவது, எந்த மரத்துக்கு எவ்வளவு வேகம் என்று பார்ப்பது எல்லாம் அவர்தான். முதல் குற்றி பாதி தூரம் போனதும் வாளின் சத்தம் மாறியது. கீச்சிட்டது. வாளுக்கும் மரத்துக்கும் இடையிலிருந்து புகை வந்தது. தவராசா கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். குற்றியைப் பின்னால் இழுத்துப் பார்த்தபோது தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. தகடு ஆறியபிறகு மெல்ல மெல்லத் தள்ளி அரிந்தெடுத்த பலகைகளை நிலத்தில் போட்டால் தொட்டில்போல ஆடின.

இரண்டாம் குற்றியும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நாலாவதை ஏற்றவில்லை.

விமலேஸ்வரிக்கு முகம் செத்துவிட்டது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாள். வவுனியாவில் இன்னொன்று கிடைக்கலாம், ஆனால் ஒரு பெட்டி பற்றறியையே தடுக்கிற பாதையால் இடுப்பளவு அகல இரும்புத் தகடு எப்படி வரும்? சூடேறிச் சூடேறித் தகடு ஒருநாள் வெடித்தால் மரக்காலை அதோடு சரி. அதை நம்பி ஏழு குடும்பம் இருந்தது. அவள் வீடு எட்டாவது.

அவள் தவராசாவைப் பார்த்தாள். "அண்ணை, வாளை எப்பிடித் தீட்டினனீங்கள்?"

"எப்பவும் தீட்டிறமாதிரித்தான் பிள்ளை."

"எப்பவும் புகை வாறேல்லையே."

தவராசா வாளடிக்குப் போனார். தகட்டைக் கழற்றி, நடுத்துளைக்குள் கம்பியைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, சிறிய சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணிபோல நீட்டிக் கேட்டது. கீறல் விழுந்த தகடு அப்படிப் பாடாது. பிறகு அவர் திரும்பி, "வாளுக்கு வருத்தமில்லை. தண்டவாளம் போட்டவனைக் கேள்," என்றார்.

ராஜரத்தினத்துக்குச் சுருக்கென்றது. அவன் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தான். எல்லாரும் பார்க்கத்தக்கதாக ஒவ்வொரு கட்டையிலும் வைத்துக் காட்டினான். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசிக் கட்டைக்கு வந்தபோது அங்கு நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். வயசு போனால் கண்ணும் கையும் போகும்தானே என்று இன்னொருவர் சொன்னார். தவராசா கழற்றி வைத்திருந்த சேர்ட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் மறிக்கவில்லை.

வென்றவன் நிம்மதியாக இருக்கவேண்டும் அல்லவா? ராஜரத்தினத்தால் முடியவில்லை. தண்டவாளத்தின் நீளத்துக்கு நடந்தான், திரும்பி நடந்தான். தான் காட்டியது உண்மை. அளவு எங்கும் ஒன்று. ஆனால் வாள் நல்லதென்றால், தண்டவாளமும் நல்லதென்றால், புகை எங்கிருந்து வருகிறது? மரம் இழுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பச்சை மரத்தை அரிந்தால் பலகை வளைவது நடக்கிறதுதான். அந்தப் பதிலோடு மடுவுக்குப் போகிற ட்ராக்டரில் தனக்கும் ஒரு இடம் சொல்லி வைத்தான். மறுநாள் காலை அது விசுவமடுச் சந்தியால் போகும்.

அன்று பொழுதுபட முன்னர், அரிந்த பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் ஸ்ரீபன். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தவன். கடலுக்குப் போக வழியில்லாமல் போனபிறகு இங்கே மரம் உருட்ட வந்து சேர்ந்தவன். அவன் பலகைகளை அடுக்கிவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, இஞ்ச வாங்கோ. ஒண்டுக்குள்ள ஒண்டு இறங்கி நிக்குது பாருங்கோ. கரையில தோணியளைக் கவிழ்த்து அடுக்கினமாதிரி."

ராஜரத்தினம் வந்து பார்த்தான். அரிந்த வரிசையிலேயே ஸ்ரீபன் அடுக்கியிருந்தான். எல்லாப் பலகையும் ஒரே பக்கத்துக்கு, ஒரே அளவுக்கு வளைந்திருந்தது. ஒரு விரல் நுழைய இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருந்தது.

மரம் இழுத்தால் குற்றியின் இந்தப் பக்கத்துப் பலகை இந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துப் பலகை அந்தப் பக்கமும் அல்லவா வளையவேண்டும்? பாலைக்கும் வேம்புக்கும் ஒரே வளைவு எப்படி வரும்? வளைவு மரத்திலிருந்து வரவில்லை. றொலி ஓடிய வழியை அந்தப் பலகைகள் அச்செடுத்து வைத்திருக்கின்றன.

நூல் இருக்கிறதா என்று ஸ்ரீபனிடம் கேட்டான். ஸ்ரீபன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தங்கூசிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தான். மீன் பிடிக்கிற நைலோன் நூல். கடலை விட்டு வந்தாலும் அதை விடாமல் வைத்திருந்தான். தண்டவாளத்தின் ஒரு முனையில் அவன் பிடிக்க, மறுமுனையில் ராஜரத்தினம் இழுத்து முறுக்கேற்றினான். இரண்டு முனையிலும் நூல் இரும்பைத் தொட்டது. நடுவில் தொடவில்லை. அரை அங்குலம் விலகி நின்றது.

மற்றத் தண்டவாளத்திலும் பிடித்தார்கள். அங்கும் அரை அங்குலம். அதே பக்கத்துக்கு.

கிளைப்பாதை என்று சொன்னார்களே. நேர்ப் பாதையிலிருந்து பெட்டியை ஒதுக்குகிற பாதை வளைந்துதான் போகும். அந்த வளைவுக்கென்று வளைத்த இரும்பு அது. இரண்டும் ஒரே வளைவின் இரண்டு கரை. ஒன்றுக்கொன்று எங்கும் ஒரே தூரம். அகலத்தை மட்டும் அளக்கிற கோலுக்கு அதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. றெயிலுக்கு வளைவு ஒரு குறையில்லை, றெயில் வளைந்து போகும். மரக்குற்றி வளைந்து போனால், வளையாத வாள் அதற்குள் அகப்பட்டு நெரிபடும்.

"இப்ப என்ன செய்யிறது அண்ணை?" என்று ஸ்ரீபன் கேட்டான்.

காலையில் பார்ப்போம் என்றான் ராஜரத்தினம். காலையில் தான் அங்கே நிற்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

விடிய எழுந்து சந்திக்குப் போனான். ஸ்ரீபன் விமலேஸ்வரியிடம் எப்படியும் சொல்லுவான், அவள் வேறு ஆளைப் பிடித்துச் சரிசெய்வாள் என்று வழிநெடுகக் கணக்குப் போட்டான். வேறு ஆள் யார் என்ற கேள்வி வந்ததும் சைக்கிளை வேகமாக மிதித்தான். அதுவரை, பொறுக்கமாட்டாமல், அவள் இன்னும் ஒரு குற்றியை ஏற்றிப் பார்த்தால்? அந்த ஒன்றிலே தகடு வெடித்தால்? இப்படி ஒரு இடத்தைப் பாதியில் விட்டுப் போனது அவனுக்கு முன்பு நடந்ததில்லை. முடித்துவிட்டுத்தான் போவான், அதுதான் அவனுக்கிருந்த ஒரே பெருமை. அல்லது முடித்துவிட்டதாக நினைத்துப் போன இடங்களும் இப்படித்தான் பின்னால் புகைந்தனவா? பரந்தன் செக்கு இப்போது எப்படி ஓடுகிறது? அவன் திரும்பிப் போய்ப் பார்த்ததேயில்லை.

சந்தித் தேத்தண்ணிக்கடை வாங்கில் அப்புத்துரை இருந்தார். ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர்தான் வானொலி. ட்ராக்டருக்குக் காத்து நின்றவனைப் பார்த்து, மரக்காலைக் கதை கேள்விப்பட்டாயா என்று தொடங்கினார். தவராசா வாளை எரித்துப்போட்டாராம். தண்ணி போட்டுவிட்டுத்தான் பல் தீட்டினாராம். பொம்பிளை ஒருத்தி தனிய நின்று நடத்துகிற இடத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்.

தவராசா குடிப்பதில்லை. அது ராஜரத்தினத்துக்கும் தெரியும், அப்புத்துரைக்கும் தெரியும். ஒரு பகல் போகமுன் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. தான் மடுவைத் தாண்டும்போது அது இன்னும் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நினைத்தான். அந்த மனுசன் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறார்.

"வாள் இல்லை அப்புத்துரையண்ணை," என்றான். "தண்டவாளம். நான் போட்டது. வளைஞ்சிருக்கு."

அப்புத்துரை கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "அளந்து காட்டினனியாம்?"

"அளந்ததும் பிழை."

ட்ராக்டர் வந்தது. ஏறச் சொல்லி மேலேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். அது போனபிறகும் அது போன பக்கத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சைக்கிளைத் திருப்பினான்.

விமலேஸ்வரி அவன் சொன்னதை முழுவதும் கேட்டாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தான். "அப்ப வாளுக்கு ஒண்டுமில்லையோ?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். வேறு இரும்பு இனித் தேட முடியாது, இதையே நிமிர்த்தவேண்டும், நிமிர்த்தும்வரை இயந்திரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்றாள். தவராசாவிடம் ஆர் போய்ச் சொல்லுவது என்று அவள் கேட்கவில்லை. அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இரும்பை நிமிர்த்துவது வளைப்பதைவிடக் கரைச்சல். பெரிய பாலைக் குற்றி ஒன்றின் பக்கத்தில் தண்டவாளத்தைக் கிடத்தி, இரண்டு முனையையும் சங்கிலியால் குற்றியோடு பிணைத்தார்கள். வளைவின் வயிறு குற்றியைப் பார்த்தபடி இருந்தது. நடுவில், இரண்டுக்கும் இடையில், லொறி தூக்குகிற ஜக்கை வைத்து அழுத்தினார்கள். அழுத்தும்போது நேராகும். ஜக்கை இறக்கினால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். கொஞ்சம் கூட அழுத்தினால் கொஞ்சம் மிச்சம் நிற்கும். ஆத்திரப்பட்டு ஒருமுறை அளவுக்குமேல் அழுத்தியதில் தண்டவாளம் மறுபக்கத்துக்கு வளைந்துபோனது. பிறகு அதைத் திருப்பிப்போட்டு அந்தப் பிழையை நிமிர்த்தவேண்டி வந்தது. ராஜரத்தினம் இடையிடையே எழுந்து றோட்டுவரை போய் வந்தான். ஒவ்வொரு முறையும் இனி வரமாட்டான் என்று ஸ்ரீபன் நினைத்தான். ஒவ்வொரு முறையும் வந்து ஜக்கின் பிடியைப் பிடித்தான்.

வாளுக்குப் பக்கத்துத் தண்டவாளத்தை முதலில் போட்டார்கள். இந்த முறை அளவுகோலைத் தொடவில்லை. தங்கூசியை இழுத்துக் கட்டி, அதற்கு ஒட்டினால்போல, கட்டை கட்டையாக அறைந்தார்கள். மற்றத் தண்டவாளத்தை அறையாமல் சும்மா கிடத்தினார்கள். றொலியை ஏற்றி ஒரு முனைக்குக் கொண்டுபோனார்கள். சில்லு நின்ற இடத்தில் இரண்டாம் தண்டவாளத்தைச் சில்லின் போக்குக்கு ஒதுங்கவிட்டு, அந்தக் கட்டையில் மட்டும் ஆணி அறைந்தார்கள். றொலியைக் கொஞ்சம் தள்ளி, நின்ற இடத்தில் அடுத்த ஆணி. முதலாவது தண்டவாளம்தான் வழி காட்டவேண்டும். இரண்டாவது அதற்கு இணங்கிப் பாரம் சுமந்தால் போதும். இடையிலான அகலத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு, வழி காட்டுகிற ஒன்று நேரா என்று பார்க்காமல் விட்டதுதான் தன் முதல் பிழை என்று அவனுக்கு அப்போது விளங்கியது.

ஆணி அறைந்து முடிந்தபிறகு தவராசாவின் வீட்டுக்குப் போனான். அவர் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ராஜரத்தினம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவர் பிடியை ஆட்டிப் பார்த்து, இறுக்கிவிட்டு, சந்தியில் அப்புத்துரை சொல்லித் தனக்கு எல்லாம் தெரியும் என்றார். அந்த மனுசன் ஒரு கதையைப் பரப்பினால் அதைத் திருத்திய கதையையும் அவரேதான் பரப்புவார் போலும்.

"ஆக்களுக்கு முன்னால அளந்து காட்டினாய்," என்றார் தவராசா.

"ஓம்."

"அப்ப ஆக்களுக்கு முன்னால நீயே தள்ளு. நான் வாளில நிப்பன். புகை வந்தால் நான் திரும்பி வீட்டை வந்திடுவன், பிறகு கூப்பிட வராதை."

முதிரைக் குற்றி ஒன்றை ஏற்றினார்கள். முதிரை கல்லுமாதிரி. நேரில்லாத பாதையில் அது வாளை மன்னிக்காது. வேண்டாம், முதலில் வேம்பைப் போடுவோம் என்று ராஜரத்தினம் சொல்லிப் பார்த்தான். தவராசா காதில் போட்டுக்கொள்ளவில்லை. விமலேஸ்வரி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கும் ஓரிடத்தில் நிற்க வரவில்லை.

வாளைச் சுழற்றுகிற பெல்ற் ஏறியது. வாள் சுழன்று, பற்கள் தெரியாமல் ஒரு வட்டமாக மங்கியது. ராஜரத்தினமும் ஸ்ரீபனும் தள்ளினார்கள். பல் மரத்தைத் தொட்டதும் வழமையான இரைச்சல் எழுந்தது. மரத்தூள் காலில் கொட்டியது. முதல் கட்டை போனது. அடுத்தது போனது. முன்பு கீச்சிட்ட இடம் நடுவில், ஐந்தாம் கட்டைக்கும் ஆறாம் கட்டைக்கும் இடையில். அது கிட்டக் கிட்ட ராஜரத்தினத்தின் கை தள்ளுகிறதா பிடித்து இழுக்கிறதா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. அவன் மரத்தைப் பார்க்கவில்லை. தவராசாவின் கையைப் பார்த்தான். அந்தக் கை எழும்பினால் முடிந்தது.

ஐந்தாம் கட்டை. ஆறாம் கட்டை. கை எழும்பவில்லை. இரைச்சல் மாறாமல் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. குற்றி வாளைக் கடந்தது. பலகை பிரிந்து சரிந்தது.

தவராசா வாளை நிறுத்தச் சொன்னார். அது ஓய்ந்து நின்றபிறகு தகட்டில் புறங்கையை வைத்தார். பிறகு விமலேஸ்வரியைக் கூப்பிட்டு அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் தொட்டாள். கையை எடுக்காமல் அப்படியே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பலகையை நிலத்தில் போட்டு தவராசா ஒரு முனையில் ஏறி மிதித்தார். மறுமுனை எழும்பவில்லை.

தவராசா இயந்திரத்தை மறுபடி முடுக்கி அடுத்த குற்றியை உருட்டச் சொன்னார். ராஜரத்தினம் மட்டும் முழங்காலில் இருந்து, கன்னத்தைத் தண்டவாளத்தோடு வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பாரம் ஏறினதில் கிறவல் இறங்கியிருக்கும், ஒரு நூல் அளவாவது அசைந்திருக்கும், மழை வந்தால் இன்னும் இறங்கும், நாளைக்கும் பார்க்கவேண்டும், நாளையன்றைக்கும் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீபனிடம் தங்கூசியைக் கேட்டான்.

"தம்பி, எழும்பும்," என்றாள் விமலேஸ்வரி. "இயந்திரம் ஓடி மண்ணெண்ணெய் எரியுது. நூலைப் பின்னேரம் பிடிக்கலாம்."